இளவரசியின் மாமனார்

ஹாச்சினோஹே துறைமுகத்தில் மீன் ஏலம் விடிவதற்குள் முடிந்துவிடும். முடிந்ததும் நாங்கள் எல்லாரும் நேரே போவது ஆமைக் குளியல் என்ற பொதுக் குளியல் கடைக்குத்தான். உடம்பெல்லாம் செதில், கையெல்லாம் ஐஸ். அந்த வெந்நீரில் கழுத்துவரை முங்கி உட்கார்ந்த பிறகுதான் விரல்கள் மறுபடி நம்முடையவை ஆகும். குளியலின் சொந்தக்காரன் நருமி இசாமு, பள்ளியில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அவனுடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன். பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதியதில் பாதி பொய். மீதிப் பாதியில் அவன் இல்லை.

இசாமு குள்ளம், அகலமான தோள். கொதிகலன் அடுப்பின் வாயில் முகத்தைக் கொடுத்துக் கொடுத்துப் புருவம் எப்போதும் பாதி பொசுங்கியிருக்கும். அதிகம் பேசமாட்டான். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவன் வாய் திறக்கும்: அரச குடும்பம். ஒவ்வொரு புத்தாண்டுக்கு மறுநாளும் டோக்கியோவுக்கு ரயிலேறிப் போய், அரண்மனை முன்னால் கூட்டத்தோடு நின்று காகிதக் கொடியை ஆட்டிவிட்டு வருவான். கொதிகலன் அறைச் சுவரில் பத்திரிகைப் படங்களை ஒட்டி வைத்திருந்தான், கரி படாமல் மேலே கண்ணாடிக் காகிதம் போட்டு.

அதற்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் பதினெட்டு வயதில் வந்த பூகம்பத்தில் அவன் அப்பா செத்துப் போனார். பள்ளிக்கூடத்தில் முகாம். பார்வையிட வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் தைரியமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரச குடும்பத்தின் ஒரு கிளையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மையார் மட்டும் இசாமுவின் அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்து, "கால் சில்லிட்டிருக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காக இசாமு வாழ்நாள் முழுக்கக் கொடி ஆட்டினான்.

அரச குடும்பத்துப் பெண் யாராவது சாதாரண ஆளைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று செய்தி வந்துவிட்டால் ஆண்கள் தொட்டியில் அன்றைக்குத் தண்ணீரைவிடப் பேச்சுத்தான் அதிகம் கொதிக்கும். இசாமு கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான்.

"தப்புடா. அவங்க இருக்க வேண்டிய எடம் வேற. பையன் வெளிய பொண்ணு எடுத்தா அந்தப் பொண்ணு உள்ள வந்துரும். பொண்ணு வெளிய கட்டினா அன்னிக்கே பட்டம் போச்சு, ஆளு போச்சு. ஏற்கெனவே அந்த வம்சத்துல ஆளு இல்ல. இப்படி ஒண்ணொண்ணா உருவிக்கிட்டே இருந்தா கடைசில யாரு இருப்பா?"

ஊசிக்கணவாய்ப் படகு வைத்திருக்கும் தென்ஜி விடமாட்டான். "அதுக்காகக் காலம் பூரா கன்னியாவே கெடக்கணுமா? போடா! இங்க வந்து துணியக் கழட்டிட்டா யாரு ராஜா, யாரு கூஜா? எல்லாருக்கும் ஒரே வயிறு, ஒரே தொப்புள்."

"உன் தொப்புளோட அவங்கள சேக்காத."

"ஏன், என் தொப்புளுக்கு என்ன கொறச்சல்? யாசு, நீ சொல்லு!"

நான் எதுவும் சொல்லமாட்டேன். என் கட்சி எப்போதும் வெந்நீர்க் கட்சி.

இசாமுவின் ஒரே பையன் நொபுகி. குளியலை எடுத்து நடத்துவான் என்று பார்த்தால், அவன் ஒய்ராசே பள்ளத்தாக்கில் பாசி காட்டும் வழிகாட்டியாகப் போய்விட்டான். வெளியூர்க்காரர்கள் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வருவார்கள். ஈரப் பாறையில் மூக்கு உரசக் குனிந்து பாசியைப் பார்ப்பார்கள். அதற்குச் சம்பளம். "பையன் பாசி பாக்குறான்" என்று இசாமு சொல்லும்போது, பையன் சும்மா இருக்கிறான் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

ஒருநாள் காலையில் நாங்கள் துண்டும் சோப்புமாகப் போனால் ஆமைக் குளியல் திறக்கவில்லை. புகைபோக்கியில் புகை இல்லை. புயலன்றைக்கும் திறந்த கடை. ஆட்கள் தெருவில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய்க் கொதிகலன் அறைக் கதவைத் தள்ளினேன். அணைந்த அடுப்புக்கு முன்னால் இசாமு உட்கார்ந்திருந்தான், கல்யாணத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு சூட்டோடு.

"யாருடா செத்தது?" என்றேன்.

"யாரும் சாவல." சுவரிலிருந்த படங்களைக் காட்டினான். ஓரத்தில் மூன்று சகோதரிகள் நிற்கும் சின்னப் படம். "கடைசில நிக்குறாங்களே, ருரிகோ இளவரசியார். அவங்கள எம்பையன் கட்டிக்கப் போறானாம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"பாசி பாக்க வந்தாங்களாம் யாசு. மூணு வருஷமா வர்றாங்களாம். பாறை மேல எல்லாரும் முட்டி போட்டுக் குனிஞ்சு கெடக்குறப்ப யாரு இளவரசி, யாரு என்னன்னு யாருக்குத் தெரியும்? இவன் பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட, கண்ணாடியத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்கன்னு சொல்லியிருக்கான். அதுலேருந்து ஆரம்பம்."

"சரி, அதுக்கு ஏன் கோட்டு?"

கீழே குனிந்து பார்த்துக்கொண்டான். கோட்டு போட்டது அப்போதுதான் தெரிந்ததுபோல. "என்ன போடறதுன்னு தெரியல" என்றான்.

அவன் முடிவு அன்றைக்கே தயார். ஊரெல்லாம் எதைத் தப்பு என்று பேசினானோ அதையே தன் வீட்டில் நடக்க விடுவதா? டோக்கியோ போய், பெண்ணின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு, மறுத்துவிடும்படி கெஞ்சப் போகிறேன் என்றான். நொபுகி தடுக்கவில்லை. "போய்ட்டு வாங்கப்பா. அவரப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்று சந்திப்புக்கு ஏற்பாடும் செய்து கொடுத்தான்.

அங்கே நடந்ததை இசாமு எனக்கு ஒருமுறைதான் சொன்னான். தோட்டம் பார்த்த சின்ன அறை. காதில் கருவி மாட்டிய, ஒல்லியான, வயதான இளவரசர். இசாமு பாயில் நெற்றி பட விழுந்து, ரயிலில் மனப்பாடம் செய்த வாக்கியங்களைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் மறந்துவிட்டது. பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

"ஐயா, எங்களுது குளியல் கடைங்க. ஊரு அழுக்கெல்லாம் எங்க வீட்டு வாய்க்கால்லதான் போவுது. பையன் பாசி பாக்குறான்."

"பாசியை என் மகளும்தான் பார்க்கிறாள்" என்றார் இளவரசர்.

"உங்க குடும்பத்துல ஏற்கெனவே ஆளு கொறைவுங்க. இவங்களும் போய்ட்டா இன்னும் ஒண்ணு கொறையும். அது எங்க வீட்டால கொறைஞ்சதா இருக்கக் கூடாதுங்க."

இளவரசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டியதை நீங்கள் யோசிக்கிறீர்கள்" என்றார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "நானும் மறுக்கத்தான் இருந்தேன்" என்றார். "ருரிகோ சின்ன வயதிலிருந்தே வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். அப்படிப் பழக்கியது நாங்கள்தான். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் கீழே போனில் உங்கள் பையனோடு பேசிக்கொண்டிருந்தவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். மாடியில் இருந்த எனக்குக் கேட்டது. எனக்குக் காது மந்தம், பாருங்கள்."

இசாமு தலையைத் தூக்கவில்லை.

"அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டில் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்."

இரண்டு அப்பாக்களும் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார்களாம். திரும்பி வந்தவன் என்னிடம் சொன்னது: "மறுக்கச் சொல்லப் போனேன். தலையாட்டிட்டு வந்துட்டேன் யாசு. வாசல்ல நான் செருப்பு மாட்டறப்ப அந்த மனுஷன் எனக்குக் குடை புடிச்சாரு."

கல்யாணம் நடந்தது. கேமராக்காரர்கள் எங்கள் தெருவில் ஒருமாதம் டேரா போட்டார்கள். பிறகு அவர்கள் போனார்கள், ருரிகோ வந்தாள். பட்டம் போய், அரச குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று, குடும்பப் பெயர், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கிடைத்தது: நருமி ருரிகோ. குளியல் கடையின் மாடியில் அவளுக்கும் நொபுகிக்கும் இரண்டு அறை. மீன் காயும் வாசனை ஜன்னல் வழியாக நேரே வரும்.

சுமியே, இசாமுவின் மனைவி, முதல் வாரம்தான் தடுமாறினாள். அடுத்த வாரமே "ருரி, அந்த வாளியக் கொண்டா" என்று ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும் சேந்து வாசல்ல உக்காந்து முள்ளங்கி சீவுதுங்க. சுமியே, 'என்னடி இது, குதிரைக்கா வெட்டுற'ன்னு திட்டுறா. அது சிரிக்குது" என்றாள்.

இசாமுதான் மாறவில்லை. மருமகளைக் கண்டால் சுவரோடு ஒட்டி நின்று இடுப்புவரை குனிவான். பேச்சு முழுக்கக் கோயில் பேச்சு. "தாங்கள் அமுது செய்தருளினீர்களா?" என்று இவன் கேட்க, குளித்துவிட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்த தென்ஜிக்கு அது மூக்கு வழியாக வந்தது. அவள் இருக்கும் அறையில் உட்காரமாட்டான். அவளோடு ஒரே மேசையில் சாப்பிடமாட்டான். கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கொதிகலன் அறைக்குப் போய் நின்றபடியே குடிப்பான். சமையலறையிலிருந்து வெளியே வருவதென்றால் அவளுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாக நடந்து வருவான். ஒருமுறை அப்படி வந்து குளிர்பெட்டியில் இடித்து, நாலு நாள் குனிய முடியாமல் நிமிர்ந்தே கும்பிட்டான்.

எங்களுக்கு இது வேடிக்கை. ஒருநாள் சுமியே என் மனைவியிடம் சொன்னபோதுதான் வேடிக்கை போயிற்று.

"ரெண்டு வருஷம் ஆச்சு. நேத்து ராத்திரி சாப்புடறப்ப இவரு கிண்ணத்த எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. ருரி மெதுவாச் சொல்லுது, 'அம்மா, பிறந்ததிலிருந்து எல்லாரும் எனக்குப் பின்பக்கமாகத்தான் நடந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் குனிந்த தலைகள்தான். இந்த வீட்டில் முகங்கள் இருக்கும் என்று வந்தேன்'னு. எனக்கு மேல சாப்பிட முடியல."

என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் இசாமுவிடம் சொன்னேன். அவன் அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். "எனக்கு மட்டும் ஆசையில்லையா யாசு? நிமிரணும்னுதான் பாக்குறேன். இடுப்பு கேக்க மாட்டேங்குது" என்றான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சுமியே உடைமாற்றும் அறையைத் துடைக்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆமைக் குளியலில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உயரமாக ஒரு மேடை இருந்தது. இசாமுவின் தாத்தா காலத்து மரம். அதில் உட்கார்ந்து காசு வாங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் உடை மாற்றுகிறவர்கள் தெரிவார்கள். சுமியே முப்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். எங்களில் ஒருவனும் அவள் முன்னால் வெட்கப்பட்டதில்லை. அவள் எங்களைப் பார்ப்பதும் சந்தையில் கணவாயைப் பார்ப்பதும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஏலம் முடிந்து கதவைத் திறந்தேன். மேடையில் ருரிகோ.

"வணக்கம். வெளியில் மிகவும் குளிராக இருக்கிறதா?" என்றாள்.

நான் காசைக் கொடுத்தேன். கோட்டைக் கழற்றினேன். அதோடு கை நின்றுவிட்டது. பின்னால் வந்தவனும் கோட்டோடு நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவனும். கொஞ்சநேரத்தில் உடைமாற்றும் அறை முழுக்க ரப்பர் பூட்ஸைக் கையில் பிடித்த மீன்காரர்கள், இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள்போல வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். வாய்வீரன் தென்ஜிதான் முன்னால் போனான். காதெல்லாம் சிவப்பு.

"அம்மா... கொஞ்சம் கண்ண மூடிக்குவீங்களா?"

"மூடிக்கொள்கிறேன். காசு வாங்கும்போது மட்டும் திறப்பேன்" என்று அவள் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டாள். அது இன்னும் மோசம். இப்போது அவள் மூடியிருக்கிறாளா என்று எல்லாரும் அவளையே பார்க்க வேண்டியிருந்தது.

தண்ணீர் மொள்ளும் சத்தமே கேட்கவில்லையே என்று இசாமு கொதிகலன் அறையிலிருந்து வந்தான். கதவைத் திறந்தான். முதலில் எங்களைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான்.

"ஏய்!" என்று கத்தினான். "அங்க என்ன பண்ற? எறங்கு கீழ! அறிவிருக்கா உனக்கு? இத்தன ஆம்பளைங்க நடுவுல ஏறி உக்காந்துக்கிட்டு! எறங்குங்கறேன்!"

பெண்கள் பக்கத்திலும் பேச்சு நின்றது. மர வாளி ஒன்று எங்கேயோ உருண்டது. ருரிகோ கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. பிறகு அந்த வெளுப்பில் மெல்ல நிறம் ஏறியது. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுமியேவிடம் கற்ற எங்கள் ஊர்ப் பேச்சில் திருப்பிக் கத்தினாள்.

"எறங்க மாட்டேன்! அம்மா கை ஒடஞ்சு கெடக்குறாங்க. அவரு பள்ளத்தாக்குல இருக்காரு. வேற யாரு உக்காருவா? நீங்களா? நீங்க உக்காந்தா அடுப்ப யாரு பாக்குறது? பச்சத் தண்ணியிலயா குளிப்பாங்க?"

"நான் சொல்றேன்..."

"சொல்லுங்க! நானும் சொல்றேன்!"

அப்போதுதான் இசாமுவுக்குத் தான் யாரிடம் என்ன பேசிவிட்டோம் என்று உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. முழங்கால் மடிய ஆரம்பித்தது. தரையில் விழப் போகிறான் என்று எங்களுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"குனியாதீங்க!" என்றாள். "குனியாதீங்கப்பா. இப்பதான் மொத மொதலா என்னை வீட்டு ஆளா நெனச்சுத் திட்டுனீங்க. அதக் கெடுத்துடாதீங்க."

அவன் பாதி மடிந்த முழங்காலோடு அப்படியே நின்றான். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இசாமு நிமிர்ந்தான். எங்களைப் பார்த்துத் திரும்பி, "என்னடா வேடிக்க? குளிக்க வந்தீங்களா, நாடகம் பாக்க வந்தீங்களா? கழட்டுங்கடா!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

நாங்கள் கழற்றினோம். வேறு வழி?

அன்றைக்கு மதியம் அவன் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கவில்லை என்று சுமியே சொன்னாள். மேசையிலேயே உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி, "மீன்ல உப்பு கம்மி" என்றானாம். அதுதான் மருமகளிடம் அவன் கும்பிடாமல் பேசிய இரண்டாவது பேச்சு.

மேடையில் ருரிகோவே தொடர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் விஷயம் வெளியே போய்விட்டது. யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ஒரு வாரப் பத்திரிகை அட்டையில் பெரிதாகப் போட்டது: முன்னாள் இளவரசி, ஆண்கள் குளியலறையில். மேடையில் அவள் உட்கார்ந்திருக்கும் படம், கதவு இடுக்கிலிருந்து எடுத்தது. நாடெங்கும் ஆளுக்கு ஆள் பேசினார்கள். அரச குடும்பத்தின் கண்ணியம் போயிற்று, சாதாரண வீட்டில் கொடுத்தால் இதுதான் நடக்கும், மரபை உடைத்தவர்கள் அனுபவிக்கட்டும். எல்லாம் இசாமு ஒரு காலத்தில் எங்களிடம் பேசிய பேச்சுத்தான். வார்த்தைக்கு வார்த்தை.

ருரிகோ மாடியிலிருந்து இறங்கவில்லை. "என்னால் அப்பாவின் கடைக்கு அவமானம்" என்று நொபுகியிடம் சொல்லியிருக்கிறாள். அவன், வேலையை விட்டுவிடுகிறேன், ஊரை விட்டுப் போய்விடலாம் என்றுகூடச் சொன்னானாம்.

பத்திரிகைக்காரன் ஒருவன் மைக்கோடு வாசலில் நின்றபோது நானும் தென்ஜியும் உள்ளே இருந்தோம். இசாமு கரி பூசிய முகத்தோடு வெளியே வந்தான். நாங்களும் பின்னாலேயே வந்தோம்.

"ஐயா, அரச குடும்பத்தினர் சாதாரண மக்களை மணந்துகொள்வது சரியா? உங்கள் கருத்து?"

"எங்கருத்தா?" இசாமு கையைத் துடைத்துக்கொண்டான். "கூடாதுன்னு ஊரெல்லாம் பேசுனவன் நான். இந்தா நிக்குறானே தென்ஜி, இவனக் கேளுங்க. இப்பவும் எனக்கு முழுசாப் புரிஞ்சுதுன்னு சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணு இங்க வந்ததுல அங்க ஒரு எடம் காலி. அது எனக்கு இன்னும் உறுத்துது. ஆனா ஒண்ணு. மாமியாருக்குக் கை ஒடஞ்சா மருமக வேலை பாக்குறது மரபுதானே? அதைத்தான் அது பண்ணிச்சு. கதவு இடுக்குல கேமராவ நொழைச்சு ஒரு வீட்டுப் பொண்ணப் படம் புடிக்கிறது எந்த மரபுன்னு நீங்க சொல்லுங்க."

பத்திரிகைக்காரன் வேறு ஏதோ கேட்டான். இசாமு, "குளிக்கிறீங்களா? இல்லேன்னா கதவச் சாத்துங்க, சூடு போவுது" என்று உள்ளே வந்துவிட்டான்.

அந்த வார விடுமுறை நாளில் ஆமைக் குளியலிலிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், இசாமு அவன் தாத்தாவின் மேடையை அறுத்துக்கொண்டிருந்தான். நொபுகி ஒரு பக்கம் பிடித்திருந்தான். மேடையைத் தாழ்த்தி, வாசலைப் பார்த்துத் திருப்பி, பின்னால் பலகைத் தடுப்பு வைத்தார்கள். காசு கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தாண்டிப் போனால்தான் உடைமாற்றும் அறை. உட்கார்ந்திருப்பவருக்கு இனி வாசல் மட்டும்தான் தெரியும்.

"தாத்தா மரம்டா" என்றேன்.

"மரம் அதேதான். மொகத்தத் திருப்பியிருக்கேன், அவ்வளவுதான்."

"இளவரசிக்காகவா?"

"தென்ஜிக்காக. அவனுக்கு வெக்கமா இருக்காம்." ரம்பத்தை வைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ருரி! வந்து உக்காந்து பாரு. ஒயரம் சரியா இருக்கா சொல்லு!"

அவன் அந்தப் பெயரை அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. அவள் படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நல்ல வருஷங்கள். குளியலில் மறுபடி அரச குடும்பப் பேச்சு வந்தால், இசாமு இப்போது வேறு கட்சி. "கட்டிக்கட்டும்டா. யார வேணா கட்டிக்கட்டும். ஆனா ஏன் வெளிய அனுப்பணும்? பொண்ணுன்னா அனுப்பணும்னு எவன் சொன்னான்? எங்க ருரி எங்க வீட்டு மருமகளாவும் இருப்பா, அவங்க அப்பா வீட்டு மகளாவும் இருப்பா. அதுல யாருக்கு நட்டம்?" தென்ஜி வேண்டுமென்றே எதிர்க்கட்சிக்குப் போவான். சண்டை இல்லாமல் அவனுக்குக் குளித்த மாதிரி இருக்காது.

ருரிகோவின் அப்பா, அந்த இளவரசர், ஒரு மார்ச் மாதம் காலமானார். நொபுகியோடு இசாமுவும் அவளுக்குத் துணையாக டோக்கியோ போனான். சடங்கில் அவளுடைய கல்யாணமாகாத அக்காமார் இருவரும் முன்னால், குடும்பத்தார் வரிசையில். ருரிகோவுக்கு வெளி உறவினர்களோடு பின்னால், பக்கவாட்டில் இடம். எந்த வெறுப்பும் இல்லை, முறை அப்படி. இசாமுவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் காதருகில் போய், "இது நியாயமில்லம்மா. பெத்த மக நீ. அங்க போய் நில்லு, யாரு தடுக்குறான்னு பாக்கறேன்" என்றான்.

அவள் அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்பா. அங்க நின்னா நேரா நிக்கணும், அழக் கூடாது. இங்கன்னா உங்க பக்கத்துல அழலாம்."

அழுதாள். இசாமு தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதில் கரி இருந்தது. திரும்பி வந்தவன், "மூஞ்சியெல்லாம் கறுப்பா ஆயிடுச்சு. அங்க இருந்த பெரிய மனுஷங்க எல்லாம் பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு, வருத்தப்பட்டானா பெருமைப்பட்டானா என்று எனக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு வழியனுப்பும்போது மூத்த அக்கா, முறைப்படி குனியாமல், இசாமுவின் கரிக் கையை இரண்டு கையாலும் பிடித்து, "எங்கள் ருரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாளாம். அதைச் சொல்லும்போது பெருமை என்று தெளிவாகத் தெரிந்தது.

போன வருஷம் இசாமுவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை தூக்க முடியாது, பேச்சு கொஞ்சம் குழறல். அடுப்பை நொபுகி பார்த்துக்கொள்கிறான். பள்ளத்தாக்குக்கு வாரத்தில் பாதி நாள்தான் போகிறான். மேடையில் ருரிகோ. தென்ஜி கதவைத் திறக்கும்போதே, "மாமா, பூட்ஸ வெளிய கழட்டுங்க, எத்தன தடவ சொல்றது?" என்று சத்தம் கேட்கும்.

வார விடுமுறை நாளில் குளியல் காலியாக இருக்கும்போது இசாமுவை உள்ளே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். நானும் கூடப் போவேன், துணைக்கு. முதல்முறை ருரிகோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதுகு தேய்க்க வந்தபோது அவன் ரகளை செய்தான். "நீ போ. யாசு தேப்பான்."

"யாசு மாமா தேச்சா தோல் உரிஞ்சுரும். திரும்புங்க."

திரும்பினான். இடுப்பில் துண்டோடு சின்ன மர முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்த அகலத் தோள் இப்போது இறங்கிப் போயிருந்தது. அவள் துணியில் சோப்பைக் குழைத்து, கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். மேல் ஜன்னல் வழியாகக் காலை வெளிச்சம் ஆவியில் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்சநேரம் கழித்து இசாமு குழறலாகக் கேட்டான். "அங்க, உங்க வீட்டுல, உனக்கு யாரு முதுகு தேச்சு விடுவாங்க?"

"யாருமில்ல. தனியாத்தான் குளிப்பேன்."

"முதுகு எட்டாதே."

"எட்டாதுப்பா. இங்க வந்த மொத வாரம் அம்மா தேச்சு விட்டாங்க. அழுதுட்டேன். சோப்பு கண்ணுல பட்டுருச்சுன்னு பொய் சொன்னேன்."

இசாமு தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாளியிலிருந்து வெந்நீரை மொண்டு மெதுவாக ஊற்றினாள். நுரை வழிந்து போனது.

"சூடு போதுமா?"

"போதும்" என்றான். பிறகு, "இன்னும் கொஞ்சம் மேல தேயி. அங்கதான் அரிக்குது" என்றான்.